விருந்தாளிகளுக்காக மூட்டிய நெருப்பு

காலை எட்டரைக்கு முதல் விருந்தாளியின் பூட்ஸ் அந்த முற்றத்தில் படுவதற்குள் முத்தாம்போ இரண்டு வேலைகளை முடித்தாக வேண்டும். ஒன்று, நெருப்பு மூட்டுவது. அது சம்பளத்தோடு சேர்ந்த வேலை. மற்றது, அங்கே மண்ணில் விழுந்திருக்கும் காலடித் தடங்களை ஒரு மோப்பானே மரக்கிளையால் கூட்டி அழிப்பது. அதைச் செய்யும்படி அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவனும் யாரிடமும் சொல்லவில்லை.

சின்னக் கால். ஐந்து வயசுப் பிள்ளையின் கால். இடது பாதம் கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும், அதன் சுண்டுவிரல் மண்ணில் சரியாகப் பதியாது. பத்தொன்பது வருஷமாகத் தடம் பார்த்தே சோறு தின்கிறவன் முத்தாம்போ. சரளைக்கல்லில் நடந்து போன சிங்கம் ஆணா பெண்ணா, பசியோடு போனதா தின்றுவிட்டுப் போனதா என்று சொல்லிவிடுவான். இந்தக் கால் யாருடையது என்று கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு நொடி அதிகம். அவன் மூத்த மகள் குவேரியின் கால். அவள் ஆற்றோடு போய் நாலு வருஷம் ஆகிறது.

எல்லாம் நல்ல எண்ணத்தில் ஆரம்பித்ததுதான். எங்கள் காவோகோ மலைநாட்டின் மேற்குக் கோடியில், கடலிலிருந்து வரும் மூடுபனி மலையில் முட்டி நிற்கிற பள்ளத்தாக்கில் அந்த முகாம் இருக்கிறது. மொத்தம் ஒன்பது கூடாரம். கூடாரம் என்றால் மழைக்கு ஒதுங்குகிற கூடாரம் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு செம்புக் குளியல் தொட்டி, அதில் படுத்துக்கொண்டே யானை பார்க்க ஒரு பெரிய ஜன்னல். விருந்தாளிகள் சின்ன விமானத்தில் வந்து இறங்குவார்கள். முதல் நாள் யானை, இரண்டாம் நாள் சிங்கம், மூன்றாம் நாள் காலையில் நாங்கள். அந்த வரிசையை மாற்றச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

முன்பெல்லாம் முத்தாம்போ அவர்களை நேராகத் தன் அண்ணன் ஹெபுத்தேயின் குடியிருப்புக்குத்தான் கூட்டிப் போவான். அப்பா போன பிறகு முன்னோர் நெருப்பைக் காக்கிறவர் ஹெபுத்தே. பெரிய குடிலின் வாசலுக்கும் மாட்டுப்பட்டியின் வாசலுக்கும் நடுவில் அந்த நெருப்பு புகைந்துகொண்டிருக்கும். அந்த நேர்கோட்டுக்குக் குறுக்கே வெளியாள் நடக்கக் கூடாது. இறந்தவர்கள் போய்வருகிற வழி அது. வண்டியில் வரும்போதே முத்தாம்போ இதை மூன்று தடவை சொல்வான். எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். இறங்கியதும் ஒரு ஆட்டுக்குட்டி கண்ணில் பட்டால் போதும், அதன் பின்னாலேயே குறுக்கே ஓடுவார்கள். ஒரு தடவை ஒரு பெரிய மனிதர் குனிந்து அந்த நெருப்பிலேயே சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் ஹெபுத்தே ஒரு செம்மறிக் கிடாயை அறுத்து முன்னோரிடம் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் தம்பியைக் கூப்பிட்டு, இனிமேல் அந்த வண்டி இந்தப் பக்கம் திரும்பினால் நாலு டயரும் இருக்காது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

முகாமின் மேனேஜர் மரைக்கே என்கிற அம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்றாம் நாள் காலைக்கு எதைக் காட்டுவது? முத்தாம்போதான் வழி சொன்னான். அண்ணன் குடியிருப்பிலிருந்து ஒரு மணி நேர நடைதூரத்தில், காட்சிக்கென்றே ஒரு குடியிருப்பைப் போட்டுவிடலாம். சாணமும் களிமண்ணும் பூசிய நாலு குடில், முள்வேலிப் பட்டி, பத்து ஆடு, வட்டமாகக் கல் வைத்து நடுவில் ஒரு நெருப்பு. எங்கள் பெண்கள் முறைவைத்துக் காலையில் வந்து உட்காருவார்கள், மக்காச்சோள மாவும் சர்க்கரையும் சம்பளமும் வாங்கிக்கொண்டு மத்தியானம் வீடு திரும்புவார்கள். அண்ணனுக்கு நிம்மதி, மரைக்கேவுக்கு நிம்மதி, ஆட்டுக்குட்டி துரத்துகிறவர்களுக்கும் நிம்மதி.

அந்த நெருப்பை முத்தாம்போ தினமும் லைட்டரால் மூட்டுவான். மத்தியானம் மண்ணை அள்ளிப் போட்டு அணைப்பான். அவன் மனைவி விஜாண்டா அதற்கு லைட்டர் சாமி என்று பேர் வைத்திருந்தாள். அவள் அவனுக்கு மாமன் மகள். வாய்த்துடுக்குக்குக் கேட்கவே வேண்டாம். பெண்கள் லைட்டர் சாமியின் மேலேயே காப்பிப் பாத்திரத்தை வைத்துக் கொதிக்கவிட்டு, குறுக்கும் நெடுக்கும் காலை நீட்டி உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் பாத்திரம் குடிலுக்குள் போகும், முகங்கள் எல்லாம் சட்டென்று புனிதமாகிவிடும். இரண்டு வருஷம் இப்படியே சிரிப்பும் கும்மாளமுமாக ஓடியது.

போன ஆகஸ்டில் விஜாண்டாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குவேரி போனதிலிருந்து அவள் வயிற்றில் எதுவும் தங்காமல் இருந்து, நாலாம் வருஷம் தங்கிய குழந்தை. குழந்தையை முன்னோர் நெருப்பின் முன் வைத்து, நெருப்பைக் காக்கிறவர் வாயில் தண்ணீர் எடுத்து அதன் நெற்றியில் தெளித்துப் பேர் சொல்ல வேண்டும். அதுவரை குழந்தை இந்தப் பக்கத்து ஆளும் இல்லை, அந்தப் பக்கத்து ஆளும் இல்லை. ஹெபுத்தே அப்போது இரண்டு கண்ணிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் புரை எடுக்க ஓபுவோ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார், திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கம்புரா என்று பேர் முடிவு பண்ணி வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு வயதான தம்பதி ஒன்பது கூடாரத்தையும் மொத்தமாக எடுத்துக்கொண்டு, சொந்தபந்தங்களோடு வந்து இறங்கியது. அந்த அம்மாளுக்கு ஒரு பெயர்சூட்டு விழா பார்த்தே ஆக வேண்டுமாம். மரைக்கே முத்தாம்போவைக் கேட்டாள். முத்தாம்போ முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் விஜாண்டாவைக் கேட்டான். அவள், லைட்டர் சாமி முன்னாடிதானே மச்சான், அது என்ன நம்ம புள்ளையக் கடிக்கவா போகுது என்று சிரித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து செய்ததுதான். பழியை ஒருத்தர் தலையில் போட வழியில்லை.

அன்றைக்குக் காலையில் மூடுபனி மழைபோல இறங்கிக்கொண்டிருந்தது. விறகெல்லாம் வியர்த்துப்போயிருந்தது. லைட்டரைத் தட்டித் தட்டி முத்தாம்போவின் கட்டைவிரல் கன்றியது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சாமிக்கு இன்னைக்குக் கேஸ் தீந்துபோச்சாம் என்றாள் விஜாண்டா. தீப்பெட்டியும் நமுத்துப்போயிருந்தது. விருந்தாளிகள் கிளம்பிவிட்டதாக ரேடியோவில் குரல் வந்தது. அவன் வண்டியை எடுத்துக்கொண்டு அண்ணன் குடியிருப்புக்குப் பறந்தான்.

அங்கே சமையல் நெருப்புகளும் பனியில் அவிந்து கிடந்தன. அண்ணி ஸமுனே பெரிய குடிலின் வாசலில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் வரும்வரை முன்னோர் நெருப்பின் கங்கு அவியாமல் உள்ளே சாம்பலுக்குள் பொத்திக் காப்பாற்றுவது அவள் பொறுப்பு. அவன் தகர டப்பாவோடு வந்து நிற்பதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"தம்பி, அதை மட்டும் கேக்காதீங்க."

"ஒரே ஒரு கங்கு, அண்ணி. புகை வந்தாப் போதும்."

ஸமுனே அவன் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். பிறகு, நான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு மாட்டுப்பட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் குனிந்து உள்ளே போனான்.

எங்கள் பக்கம் ஒருவன் தனிக் குடியிருப்பு போடுவது எப்படி? குடில் கட்டுவான், பட்டி போடுவான், மனைவியையும் பிள்ளையையும் கூட்டி வந்து உட்காரவைப்பான். கடைசியாகத் தகப்பன் நெருப்பிலிருந்து ஒரு கங்கை எடுத்துவந்து தன் கல்வட்டத்துக்குள் வைப்பான். அந்த நிமிஷத்திலிருந்து அது குடியிருப்பு. இறந்தவர்களுக்கு அங்கேயும் ஒரு வாசல் திறந்துவிடும். இது முத்தாம்போவுக்குத் தெரியாதா? நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவன் மனசெல்லாம் அந்த ரேடியோக் குரலில் இருந்தது.

விழா பிரமாதமாக நடந்தது. கங்கை வைத்து ஊதியதும் ஈர விறகு அத்தனையும் புகையே இல்லாமல் பற்றிக்கொண்டது. விஜாண்டா நெய்யும் செம்மண்ணும் குழைத்துப் பூசி, குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் செய்வதைப் பார்த்துப் பழகியவன் ஆனதால் முத்தாம்போவுக்கு எல்லாம் சரளமாக வந்தது. தண்ணீரை வாயில் எடுத்துக் குழந்தையின் நெற்றியில் தெளித்தான். இனிப் பேர் சொல்ல வேண்டும். கம்புரா என்ற பேரை இந்தக் கூத்தில் எச்சில் பண்ண அவனுக்கு மனசு வரவில்லை. அது அண்ணன் வாயால் வர வேண்டிய பேர். வேறு ஏதாவது ஒரு பேர், உயிரோடிருக்கிற யாருக்கும் சொந்தமில்லாத பேர் வேண்டும் என்று தேடினான். தேடுவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"குவேரி."

விஜாண்டாவின் கை குழந்தை மேல் இறுகியது. சுற்றிலும் கேமராக்கள் இருந்தன. அவள் சிரித்தபடியே இருந்தாள். பூச்சு பூசிய கன்னத்தில் கண்ணீர் ஒரு கோடு இழுத்துக்கொண்டு இறங்கியது. விழா கேட்ட அந்த வயதான அம்மாளும் அதைப் பார்த்து உருகிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போன பிறகு, அந்தப் பேரை ஏன் எடுத்தாய் என்று மட்டும் விஜாண்டா கேட்டாள். வாயில் வந்துவிட்டது என்றான்.

மறுநாள் காலையில் அவன் காட்சிக் குடியிருப்புக்குப் போனபோது, மண் போட்டு மூடிய நெருப்பு மண்ணுக்கடியில் உயிரோடு இருந்தது. முற்றத்தில் அந்தச் சின்னக் கால் நடந்திருந்தது. முத்தாம்போ முதலில் தடம் பார்க்கிறவனாகத்தான் பார்த்தான். வெளியிலிருந்து உள்ளே வந்த தடம் இல்லை. உள்ளேயிருந்து வெளியே போன தடமும் இல்லை. முதல் குடிலின் வாசலில் தொடங்கி, நெருப்பின் பக்கம் வந்து, குறுக்கே போகாமல் பட்டியைச் சுற்றிக்கொண்டு, அவன் வழக்கமாக வண்டி நிறுத்தும் இடத்தில் வந்து முடிந்தது. அங்கே இரண்டு பாதங்களும் பக்கம் பக்கமாக நின்றிருந்தன. விரல்கள் மட்டும் ஆழமாகக் குழிந்திருந்தன. எக்கி நின்று தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்ற கால். அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

குவேரி போன கதை ஊருக்கே தெரியும். வானத்தில் ஒரு மேகம் இல்லாத நாள். கிழக்கே எங்கோ மலையில் கொட்டிய மழை, காய்ந்து கிடந்த ஆற்றில் சுவர்போல இறங்கி வந்தது. முகாம் வண்டிகள் ஆற்று மணல் வழியாகத்தான் வரும். மத்தியானம் வந்துவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்ததால் பிள்ளை மணலில் நின்று வண்டிக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்தாளிகளோடு போயிருந்த முத்தாம்போ, தண்ணீர் வரும் செய்தி கேட்டதும் புறப்பட்டதாகவும் வழியில் வண்டி மணலில் சிக்கிக்கொண்டதாகவும் சொன்னான். அவன் வந்து சேர்ந்தபோது ஆறுதான் இருந்தது. அவன் மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை.

ஒரு வாரம் அவன் தடங்களை அழித்தான். பிறகு அழிக்க மனசு வரவில்லை. ஆடுகளுக்குச் சொறி வந்துவிட்டது, கொஞ்ச நாள் விருந்தாளிகள் வேண்டாம் என்று மரைக்கேயிடம் பொய் சொன்னான். பெண்களையும் வரவேண்டாம் என்றான். தினமும் காலையில் பனிக்குள் அவன் மட்டும் போவான். நெருப்புக்கு விறகு வைப்பான். சின்னக் கிண்ணத்தில் புளித்த பால் ஊற்றி முதல் குடிலின் வாசலில் வைப்பான். அடுத்த நாள் கிண்ணம் காலியாக இருக்கும். நரி குடித்திருக்கலாம். ஆனால் நரித் தடம் எங்கேயும் இல்லை. ஒரு நாள் வண்டித் தடத்தின் மேலேயே அந்தக் கால் ஒவ்வொரு எட்டாக வைத்து நடந்திருந்தது, குவேரி விளையாடுவது போலவே. அதைப் பார்த்து முத்தாம்போ தனியாக நின்று சிரித்தான். நாலு வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்ததில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவன் சந்தோஷமாக இருந்தான்.

வீட்டில் கைக்குழந்தை இளைத்துக்கொண்டே போனது. மார்பில் வாய் வைத்து இரண்டு உறிஞ்சு உறிஞ்சிவிட்டுத் தூங்கிவிடும். அழவில்லை. அழாத குழந்தையைப் பார்க்கப் பார்க்க விஜாண்டாவின் வாய்த்துடுக்கெல்லாம் எங்கோ போய்விட்டது. ஊர் ஊராக வரும் நர்ஸ் அம்மா எடை பார்த்து, காய்ச்சல் பார்த்து, காதும் தொண்டையும் பார்த்து, நோய் எதுவும் தெரியவில்லை, இருந்தாலும் ஓபுவோவுக்குக் கொண்டு போங்கள் என்றாள். ஓபுவோவிலும் அதையேதான் சொன்னார்கள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விஜாண்டா அவனிடம் சொன்னாள்:

"நான் எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பல மச்சான். அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருக்கு. அங்க யாரோ கூப்பிடற மாதிரி."

அவள் காட்டியது காட்சிக் குடியிருப்பு இருந்த திசை. முத்தாம்போவுக்கு அந்த நொடியே எல்லாம் விளங்கிவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்பதும் விளங்கிவிட்டது. ஆனாலும் மறுநாள் காலையில் கிண்ணத்தில் பால் ஊற்றத்தான் போனான். அதற்கு மறுநாளும் போனான். பதினோரு நாள் போனான். ஒரு பெண்ணைக் காப்பாற்ற இன்னொரு பெண்ணைத் துரத்த வேண்டும். அவனால் முடியவில்லை. அந்தப் பதினோரு நாளில் கைக்குழந்தையின் கழுத்து தலையைத் தாங்க மாட்டாமல் போய்விட்டது.

பன்னிரண்டாம் நாள் ஹெபுத்தே கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். ஸமுனேயால் அந்த ரகசியத்தை அதற்குமேல் வயிற்றில் வைத்திருக்க முடியவில்லை. அவர் காப்பி கூடக் குடிக்காமல் நேராகக் காட்சிக் குடியிருப்புக்கு நடந்தார். முத்தாம்போ அங்கே கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, புதுக் கண்ணால் அந்த முற்றத்தை மெதுவாகப் பார்த்தார்.

"யாரு காலு இது?"

"தெரியலண்ணே."

"உனக்கா தெரியல?"

முத்தாம்போ தலையைக் குனிந்துகொண்டான். ஹெபுத்தே கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அவன் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தார். நீ விளையாட்டுக்குச் செய்தாயோ வினையாகச் செய்தாயோ, அப்பா நெருப்பைக் கொண்டுவந்து இங்கே குடியிருப்பு போட்டுவிட்டாய், குடியிருக்க ஒருத்தரும் வரவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டது அவளைத்தான், அதனால் அவள் வந்துவிட்டாள் என்றார். பிள்ளை என்ன செய்யும், கூப்பிட்டால் வரும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. குவேரி அவர் தோளில் ஏறி வளர்ந்தவள்.

"ஒரே பேர்ல ரெண்டு புள்ளைங்க பால் குடிக்க முடியாதுடா. இந்த நெருப்பை வச்சவன் நீ. நீதான் அணைக்கணும். ஏன் போகணும்னு அவகிட்ட நீயே சொல்லணும்."

"நான் என்னண்ணே சொல்லுவேன்?"

"அவ எதுக்கு நிக்கிறாளோ, அதைச் சொல்லு. நெருப்பு முன்னாடி உக்காந்து பொய் சொன்னா அது அணையாது. அது உனக்கே தெரியும்."

மறுநாள் விடிந்து, பனி இன்னும் விலகாத நேரத்தில் அண்ணன், தம்பி, அவர்கள் மனைவிகள் என்று நாலு பேரும் போனார்கள். விஜாண்டா குழந்தையை ஆட்டுத்தோலில் சுற்றி நெஞ்சோடு கட்டியிருந்தாள். முற்றத்தின் விளிம்பில் அவள் கால் நின்றுவிட்டது. தடங்கள் எதுவும் அழிக்கப்படாமல் அப்படியே கிடந்தன. மூன்று வாரத்துத் தடங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. பெற்றவளுக்குத் தடம் பார்க்கும் வித்தை தெரிய வேண்டியதில்லை. அவள் குனிந்து, அந்த இடது பாதத்தின் பக்கத்தில் மண்ணைக் கையால் தொட்டாள். புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனை நாளாக இவன் தனியாக வந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவள் கணக்குப் போட்டிருப்பாள். ஸமுனே அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தாள்.

முத்தாம்போ நெருப்பின் முன் குந்தினான். தண்ணீர்க் குடுக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். பிறகு, குவேரி, அப்பா வந்திருக்கேன் என்றான். தங்கச்சி சாப்பிட மாட்டேங்கிறா, நீ தாத்தாகிட்ட போயிடு கண்ணு என்றான். ஒரு வாய்த் தண்ணீர் எடுத்து நெருப்பில் தெளித்தான். சீறிவிட்டு மறுபடியும் எரிந்தது. அன்றைக்கு வண்டி மணலில் சிக்கிக்கிச்சு, அதான் அப்பாவால வர முடியல என்றான். மறுபடியும் தெளித்தான். நெருப்பு முன்னைவிட நிமிர்ந்து எரிந்தது. விஜாண்டாவின் மடியில் குழந்தையின் தலை தொங்கியது.

"தம்பி," என்றார் ஹெபுத்தே. அவ்வளவுதான் சொன்னார்.

முத்தாம்போ திரும்பி அந்த வண்டி நிற்கும் இடத்தைப் பார்த்தான். பனிக்குள் அங்கே எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பக்கம் பார்த்துத்தான் பேசினான்.

"வண்டி எங்கயும் சிக்கல கண்ணு. ரேடியோல சொன்னாங்க. மேல மழை, ஆறு இறங்குதுன்னு சொன்னாங்க. நீ மணல்ல நிப்பேன்னு எனக்குத் தெரியும். அப்பவே கிளம்பியிருந்தா தண்ணிக்கு முன்னாடி வந்திருப்பேன். நாங்க கரைமேல ஒரு சிங்கத்துக்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தோம். அது எழுந்திரிக்கட்டும், பத்து நிமிஷம் பாக்கலாம்னு அவங்க கேட்டாங்க. நான் சரின்னேன். இன்னும் பத்து நிமிஷம்னாங்க. அதுக்கும் சரின்னேன். மொத்தம் அரை மணி நேரம். நீ ஓடிப்போயிடுவ, யாராவது கூப்பிட்டுடுவாங்கன்னு நெனச்சேன். நீ எனக்காக நின்ன. நான் வரல. இனிமேலும் வர மாட்டேன். நீ எனக்காக நிக்காத."

சொல்லி முடித்துக் குடுக்கையை அப்படியே கவிழ்த்தான். நெருப்பு ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது. ஹெபுத்தே ஒரு குச்சியால் சாம்பலைக் கிளறி, அடியில் எதுவும் மினுங்கவில்லை என்று பார்த்தார். கல்வட்டத்திலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து வேலிக்கு வெளியே வீசினார். முத்தாம்போ மண்ணில் நெற்றியை வைத்துக் கிடந்தான். அவனை யாரும் தூக்கவில்லை.

அன்று மத்தியானம் அப்பாவின் நெருப்பின் முன் ஹெபுத்தே குழந்தைக்குப் பேர் வைத்தார். தண்ணீர் நெற்றியில் பட்டதும் கம்புரா வீறிட்டு அழுதது. அது அழுத அழுகையில் பட்டியிலிருந்த கன்றுக்குட்டிகள் மிரண்டன. ஸமுனே கைகொட்டிச் சிரித்தாள். விஜாண்டா பெரிய குடிலின் சுவரோரம் உட்கார்ந்து மார்பைக் கொடுத்தாள். குழந்தை முட்டி முட்டிக் குடித்தது.

முத்தாம்போ ஐந்தாறு எட்டு தள்ளி நின்றான். கிட்டே போகலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. விஜாண்டாவின் தோல் மூட்டையும் பாத்திரங்களும் குடில் வாசலில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அவளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போகச் சாயங்காலம் அவள் அண்ணன் கழுதைகளோடு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தான். குழந்தை குடிப்பதையே பார்த்துக்கொண்டு, நிமிராமல் அவள் கேட்டாள்.

"அந்தச் சிங்கம் எழுந்திரிச்சுதா?"

அப்பாவின் நெருப்பு பக்கத்தில் புகைந்துகொண்டிருந்தது.

"இல்ல," என்றான். "தூங்கிட்டே இருந்துச்சு."

விஜாண்டா குழந்தையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.